மங்கனீசுச் சேர்வைகளும் அவற்றின் பயன்களும்

கமக்காரர் ஒருவர் பன்றிக் காவலுக்கு இரவிலே புறப்படுகையில் கையில் எடுத்துச் செல்லும் ரோச்சு விளக்கின் பற்றரியினுள்ளே கரிய தூளொன்று உண்டு. அவர் தோளிற் சாய்த்துள்ள மண்வெட்டியின் உருக்கிலும் அத்தூளுக்கு மூலமான உலோகம் கலந்திருக்கின்றது. வீட்டு அலுமாரியின் மேற்றட்டிலே ‘கொண்டிசு’ என்னும் பெயரோடு சிறு போத்தலொன்றில் இருக்கும் ஊதாப் பளிங்குகளும் அவ்வுலோகத்தின் சேர்வையே. கோழிக்குஞ்சுகளுக்கு இடும் கலப்புணவிலும், உருளைக்கிழங்கின் வெளிறல் நோய்க்குத் தெளிக்கப்பட்டு வந்த மஞ்சள் நிறத் தூளிலும் அது உண்டு. இத்தனை இடங்களில் இருந்தும் தன் பெயரைப் பலருக்கு அறிவியாத அவ்வுலோகமே மங்கனீசு.

பெயரைப் பற்றி முதலில் ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். மங்கனீசு வேறு, மகனீசியம் வேறு. இரண்டின் பெயர்களும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாதலால் செவிக்கு ஒன்றுபோல ஒலிப்பினும், பயிருக்கு அவை செய்யும் தொண்டும், குறைந்தவிடத்து இலையிற் காட்டும் குறிகளும் வெவ்வேறானவை. தென்னைக்கு இடும் தொலமைற்றும் தேயிலைக்கு இடும் கீசரைற்றும் மகனீசியத்தையே கொடுக்கும். மங்கனீசுக் குறையை அவை தீர்க்கமாட்டா. மகனீசியங் குறைந்தால் முதிர்ந்த இலைகளே முதலில் மஞ்சளாகும். மங்கனீசு குறைந்தால் இளம் இலைகளிலே நரம்பும் நரம்பை அடுத்த பகுதியும் பச்சையாக இருக்க, இடைப்பட்ட பகுதி வெளிறும். கடைக்காரரிடம் பெயரைத் தவறாகச் சொல்லிப் பொருளை வாங்கினால் பணமும் போகும், பருவமும் போகும்.

மங்கனீசின் முதன்மையான தாது பைரோலுசைற்று எனப்படும் கருங்கல். இது மங்கனீசு ஈரொட்சைட்டாகும். பிரான்சு தேசத்து இலாசுக்கோக் குகையிலே ஆதிமனிதர் தீட்டிய விலங்கோவியங்களின் கருநிறத்துக்கு மங்கனீசு ஒட்சைட்டுகள் பயன்பட்டுள்ளன. எனவே, இரும்பை மனிதன் உருக்கத் தொடங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்கல் அவன் கைக்கு வந்துவிட்டது. ஆயினும் அதனுள்ளே தனியொரு மூலகம் உண்டென்பது 1774 ஆம் ஆண்டிலேயே தெளிவாயிற்று. சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் சீலே அதனை உணர்ந்து கூற, அவருடைய நண்பர் கான் என்பவர் அத்தாதுவைக் கரியுடன் சேர்த்துச் சூடாக்கி உலோகத்தைப் பிரித்தெடுத்தார். இன்று தென்னாபிரிக்கா, காபன், அவுத்திரேலியா, கானா, பிரேசில், இந்தியா முதலிய நாடுகளில் இத்தாது தோண்டப்படுகின்றது. தென்னாபிரிக்காவின் கலகாரிப் பகுதியிலேயே தரையிலுள்ள இருப்பின் பெரும்பங்கு கிடக்கின்றது. ஆழ்கடலின் அடியிலும் உருளைக்கிழங்கைப் போன்ற மங்கனீசு உருண்டைகள் பரந்து கிடப்பதை 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சலஞ்சர்’ என்னும் ஆராய்ச்சிக் கப்பல் கண்டறிந்தது.

உருக்கும் பற்றரியும்

தோண்டி எடுக்கப்படும் மங்கனீசில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உருக்குத் தொழிலுக்கே செல்லுகின்றது. இரும்பிலே கந்தகம் சிறிதளவு இருப்பினும், பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது அவ்விரும்பு வெடித்து உடையும். மங்கனீசைச் சேர்த்தால் அது கந்தகத்தைத் தன்பாற் கவர்ந்து மங்கனீசுச் சல்பைட்டாக்கிவிடும். உருகிய இரும்பிலுள்ள மிகையான ஒட்சிசனையும் அகற்றும். 1856 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே பெசெமர் முறையால் ஆக்கப்பட்ட உருக்குப் பலரிடத்தும் பயனற்றுப் போனபோது, உரொபேட்டு முசெற்று என்பார் மங்கனீசு கலந்த வார்ப்பிரும்பைச் சேர்த்து அக்குறையை நீக்கினார். 1882 இல் அட்பீல்டு என்பவர் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்கு மங்கனீசு கலந்த உருக்கொன்றை ஆக்கினார். அடிக்க அடிக்க மேற்பரப்பு இறுகும் இயல்புடையது அது. கல்லுடைக்கும் இயந்திரத்தின் தாடைகளும், புகையிரதப் பாதைகள் ஒன்றையொன்று வெட்டுமிடத்துத் தண்டவாளத் துண்டுகளும் இன்றும் அவ்வகை உருக்கினாலேயே செய்யப்படுகின்றன. குளிர்பானம் அடைத்துவரும் அலுமினியத் தகரங்களிலும் நூற்றுக்கு ஒரு பங்களவு மங்கனீசு சேர்க்கப்படுவதுண்டு. உலோகமாக அதன் பயன் இவ்வளவோடு நிற்க, சேர்வைகளின் செய்தியே இங்கு விரிவாகக் கூறத்தக்கது.

பற்றரியிலிருந்து தொடங்குவோம். 1866 இல் இலெக்கிளாஞ்சே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒரு மின்கலத்தை அமைத்தார். நாகத் தண்டொன்றும் கரித்தண்டொன்றும் நவச்சாரக் கரைசலிலே நிற்க, கரித்தண்டைச் சூழ மங்கனீசு ஈரொட்சைட்டுத் தூள் அடைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தார் அக்கரைசலைப் பசையாக்கி, நாகத்தையே பாத்திரமாக்கி, கவிழ்த்தாலும் சிந்தாத உலர்மின்கலத்தை ஆக்கினர். இன்று கடையில் விற்கும் சாதாரண ரோச்சுப் பற்றரியின் அமைப்பு அதுவே. நாகம் கரையும்போது வெளிவரும் மின்னேற்றங்கள் விளக்கின் இழையூடாகச் சென்று மங்கனீசு ஈரொட்சைட்டை அடைகின்றன. அது அவற்றை ஏற்றுத் தானும் மாறுகின்றது. அத்தூள் இல்லாதுவிடின் கரித்தண்டைச் சுற்றி ஐதரசன் வாயு சேர்ந்து சிறிது நேரத்துள் மின்னோட்டத்தைத் தடுத்துவிடும்.

ஒளி மங்கிய பற்றரியை வெயிலிலே காயவைத்து மீண்டும் ஓரிரவுக்குப் பயன்படுத்தும் வழக்கம் கிராமங்களில் உண்டு. இது முற்றிலும் மூடநம்பிக்கையன்று. ஓய்வும் சூடும் கிடைக்கும்போது உள்ளே தேங்கிய பொருள்கள் பரவி, மின்கலம் சிறிது தெளிவடையும். ஆயினும் கரைந்த நாகம் மீளாதாகையால் அத்தெளிவு நீடிக்காது. அரித்துப்போன நாகச் சுவரூடாக உட்பொருள் கசிந்து விளக்கையும் பழுதாக்கும்.

காரப் பற்றரிகளிலும் மங்கனீசு ஈரொட்சைட்டே உள்ளது. ஆயின் அது மின்பகுப்பு முறையால் ஆக்கப்பட்ட தூய வகையாகும். மின்னாலோடும் வாகனங்களில் அமைக்கப்படும் இலிதியப் பற்றரிகள் பலவற்றிலும் நிக்கல், கோபாற்று என்பவற்றோடு மங்கனீசும் கலந்துள்ளது.

சீலே கண்ட பச்சைவாயு

மங்கனீசைக் கண்ட அதே 1774 ஆம் ஆண்டிலே சீலே அக்கருங்கற்றூளின்மேல் ஐதரோக்குளோரிக்கமிலத்தை ஊற்றிச் சூடாக்கினார். மூக்கைத் துளைக்கும் பசுமஞ்சள் வாயுவொன்று எழுந்தது. குளோரீன் உலகுக்கு அறிமுகமான வரலாறு இதுவே. அவ்வாயு பூவின் நிறத்தையும் துணியின் பழுப்பையும் போக்கியதை அவர் கண்டார். முன்னர் புல்வெளியிலே பல கிழமைகளாக வெயிலில் விரித்து வெளுக்கப்பட்ட ஐரோப்பியத் துணிகள், பின்னர் ஆலைகளில் சில மணி நேரத்திலே வெளுக்கப்பட்டன. 1799 இல் தெனன்று என்பார் குளோரீனை நீற்றிய சுண்ணாம்பிற் செலுத்தி வெளிற்றுந் தூளை ஆக்கினார். இன்று கிணறுகளுக்கு இடப்படுவதும் அத்தூளே. அக்காலத்து ஆலைகளில் ஒவ்வோர் இறாத்தல் குளோரீனுக்கும் மங்கனீசுத் தாது வேண்டியிருந்தமையாலும், பயன்பட்ட மங்கனீசுக் கழிவு ஆற்றிலே கொட்டப்பட்டமையாலும், அதனைச் சுண்ணாம்பும் காற்றுங்கொண்டு மீட்டெடுக்கும் முறையொன்றை உவெல்டன் என்பவர் 1860 களில் வகுத்தார். குளோரீன் இப்பொழுது உப்புக் கரைசலை மின்பகுத்துப் பெறப்படுகின்றது. மங்கனீசின் உதவி அத்தொழிலுக்கு வேண்டியதில்லை.

கண்ணாடித் தொழிலாளர் இத்தாதுவைக் ‘கண்ணாடிச் சவர்க்காரம்’ என்றே அழைத்தனர். மணலிலுள்ள இரும்பினாற் கண்ணாடி பச்சைநிறம் பெறும். சிறிது மங்கனீசு சேர்ப்பின் அதன் ஊதாநிறம் பச்சையை மறைத்துத் தெளிவாக்கும். பழைய போத்தல்கள் சில நெடுங்காலம் வெயிலிற் கிடந்து ஊதாவாக மாறுவதற்குக் காரணமும் இதுவே. செங்கல், ஓடு, மட்பாண்டம் என்பவற்றுக்குக் கபிலநிறம் ஊட்டவும் இத்தூள் சேர்க்கப்படும். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வர்ணப்பூச்சு விரைவில் உலருதற்கு மங்கனீசின் சேதனச் சேர்வைகள் மிகச் சிறிதளவு கலக்கப்படும். அவை எண்ணெயானது காற்றிலுள்ள ஒட்சிசனை விரைந்து ஏற்கத் துணைசெய்கின்றன. வானொலிப் பெட்டியின் சுருளுக்குள்ளே இருக்கும் கரிய தண்டும் மங்கனீசு, நாகம், இரும்பு ஆகியவற்றின் ஒட்சைட்டுகளைச் சேர்த்துச் சுட்டதொன்றாக இருத்தல் கூடும்.

கொண்டிசு

மங்கனீசுச் சேர்வைகளுள் வீட்டாருக்கு மிகப் பழக்கமானது பொட்டாசியம் பரமங்கனேற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இலண்டனிற் கொண்டி என்பவர் இதனைக் கிருமிநீக்கியாக விற்பனை செய்தமையால் அவர் பெயரே இதற்கு இலங்கையிற் கொண்டிசு என வழங்கலாயிற்று.

கருந்தாதுவைத் தூளாக்கி எரிபொட்டாசுடன் சேர்த்துக் காற்றுப் படும்படி சூடாக்கினால் கரும்பச்சையான மங்கனேற்று உண்டாகும். அதனை நீரிற் கரைத்து மின்சாரத்தினால் மேலும் ஒட்சியேற்ற, ஊதாநிறப் பரமங்கனேற்று பிறக்கும். பச்சைக் கரைசல் நின்றவாறே நீலமாகி ஊதாவாகவும் மாறுவதைக் கண்ட பழைய இரசாயனவறிஞர் இதற்குக் ‘கனியப் பச்சோந்தி’ எனப் பெயரிட்டனர்.

இதன் வலிமை முழுவதும் ஒட்சிசனைக் கொடுக்கும் இயல்பிலேயே தங்கியுள்ளது. அழுக்கு, கிருமி, துர்நாற்றத்தைத் தரும் பொருள் ஆகிய எதனைச் சந்திப்பினும் தன் ஒட்சிசனைக் கொடுத்து, தானோ ஊதாநிறம் இழந்து கபிலநிற மங்கனீசு ஈரொட்சைட்டாகப் படியும். விரலிலும் துணியிலும் ஒட்டும் கறை அதுவே. ஆய்வுகூடத்தார் இந்நிற மாற்றத்தையே அளவுகோலாகக் கொள்வர். இரும்பின் அளவை இவ்வழியால் அளக்கும் முறையை மாக்கரீற்று என்னும் பிரெஞ்சு அறிஞர் 1846 இல் அறிமுகப்படுத்தினார். கடதாசி ஆலைகளில் மரக்கூழ் எவ்வளவு வெந்துள்ளது என்பதையும் பரமங்கனேற்றைக் கொண்டே சோதிப்பர். நகரங்களின் நீர் வழங்கலிலே கரைந்துள்ள இரும்பையும் மங்கனீசையும் படியச் செய்து வடித்தெடுப்பதற்கும் இது பயன்படுகின்றது. மங்கனீசுச் சேர்வையைக் கொண்டே நீரிலுள்ள மங்கனீசு நீக்கப்படுவது வியப்பாகத் தோன்றலாம். கரையும் மங்கனீசு ஒட்சியேற்றப்பட்டால் கரையாத தூளாகிவிடும் என்பதே அதன் சூட்சுமம். பித்தளை நிறப் படலமும், வெள்ளைத் துணியிற் கருங்கபிலக் கறையும் தரும் கிணற்றுநீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சோதித்தல் நன்று. குடிநீரில் மங்கனீசுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2022 இல் குறித்த தற்காலிக வழிகாட்டி அளவு, இலீற்றருக்கு 0.08 மில்லிகிராமாகும். குழந்தைகளை முன்னிட்டே இவ்வளவு தாழ்வாக அது வைக்கப்பட்டது.

கசியும் தோற்புண்ணைக் கழுவுதற்கு மருத்துவர் இன்றும் இதனை விதிப்பதுண்டு. அதற்குரிய வலிமை பத்தாயிரத்தில் ஒன்று, அஃதாவது பத்து இலீற்றர் நீருக்கு ஒரு கிராம். வெளிறிய ரோசா நிறமே அதன் அடையாளம். நிறம் ஆழமாயிருப்பின் மருந்தும் வலிதென எண்ணுவது தவறு. கடுங்கரைசல் தோலை எரிக்கும். கரையாத பளிங்கொன்று புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டால் அவ்விடம் வெந்துபோகும். ஆகையால் நீரிற் பளிங்குகள் முற்றாகக் கரைந்தனவா என்று பார்த்த பின்னரே கழுவுதல் வேண்டும். கால்நடைகளின் குளம்பு வாய் நோய்ப் புண்களுக்கும் இவ்விதியே பொருந்தும்.

பாம்புக்கடியும் பரமங்கனேற்றும்

இங்கே சற்று நின்று கூறவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1881 இல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் இலசேடா என்பவர், பாம்பின் நஞ்சோடு பரமங்கனேற்றைக் கலந்தால் நஞ்சு வலிமை இழக்கின்றதெனக் கண்டார். அது மெய்யே. அதனைப் பின்பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஒரு முனையிற் சிறு கத்தியும் மறு முனையிற் பளிங்குகளும் கொண்ட சிறுகுழாய்கள் செய்யப்பட்டு, பிரித்தானிய ஆட்சியிலிருந்த நாடுகளில் வழங்கப்பட்டன. கடிவாயைக் கீறிப் பளிங்கைத் தேய்க்கவேண்டும் என்பது விதி. அவ்விதி மருத்துவ நூல்களிலிருந்து நெடுங்காலத்துக்கு முன்னரே நீக்கப்பட்டது. ஆயினும் முதியோர் வாயிலிருந்து அது இன்னும் மறையவில்லை.

கண்ணாடிக் குழாயினுள்ளே நஞ்சும் பளிங்கும் மாத்திரமே சந்திக்கின்றன. உடலிலோ, பல் இறங்கிய கணத்திலேயே நஞ்சு இழையத்தினுள்ளே பரவிவிடுகின்றது. மேலே தேய்த்த பளிங்கு அதனைத் தேடிச் செல்லாது. எதிர்ப்படும் தசையையும் குருதியையும் ஒட்சியேற்றித் தன் வலிமையை அங்கேயே இழந்துவிடும். எஞ்சுவது வெந்த புண்ணே. கீறுதலோ அதனினும் கேடானது. கண்ணாடிப் புடையனின் நஞ்சு குருதியை உறையவொட்டாது தடுப்பதாகையால், கீறிய இடத்திலிருந்து குருதி நில்லாது ஒழுகும். வயலிலே கடியுண்டவரை அசையாமற் படுக்கவைத்து, மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடியுண்ட அங்கத்தை அசையாதிருக்கச் செய்து, காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். நஞ்செதிர் மருந்து அங்கேதான் உண்டு. அலுமாரியிலுள்ள ஊதாப் போத்தலைத் தேடுவதிற் கழியும் கால்மணி நேரமும் உயிருக்கு விலையாகக்கூடும்.

கோழிக்கூடும் வாழைக்குலையும்

கமத்தொழிலிற் பரமங்கனேற்றுக்கு வேறு இரு பணிகள் உண்டு. அடைகாக்கும் பெட்டியையும் வெறுமையான குஞ்சுக்கூட்டையும் புகையூட்டுதற்கு, இரண்டரை மீற்றர் நீள அகலமும் அரை மீற்றருக்குச் சிறிது குறைந்த உயரமும் கொண்ட இடத்துக்கு, அஃதாவது ஏறத்தாழ 2.8 கனமீற்றருக்கு, 20 கிராம் பரமங்கனேற்றும் 40 மில்லிலீற்றர் போமலினும் என்பது தனிவலு அளவாகும். பளிங்குகளை முதலில் ஆழமும் அகலமுமுள்ள மண்பாத்திரத்திலோ எனாமற் பாத்திரத்திலோ இட்டு, அவற்றின்மேற் போமலினை ஊற்றிவிட்டு உடனே வெளியேறிக் கதவைச் சாத்தவேண்டும். போமலினுக்குள்ளே பளிங்கை இடுதல் ஆகாது. கலவை பொங்கிச் சூடேறி, ஊற்றியவர் முகத்திலே தெறிக்கும். எழும் போமல்டிகைட்டு வாயு கண்ணையும் தொண்டையையும் உறுத்துவது மாத்திரமன்று. மனிதரிடத்துப் புற்றுநோய் உண்டாக்குவதெனச் சருவதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இல் வகைப்படுத்தியது. ஆகையால் வேறு கிருமிநீக்கியும் வெயிலும் சுண்ணாம்பும் போதுமானவிடத்து இம்முறையை நாடாதிருத்தல் நன்று. நாடியே ஆகவேண்டுமாயின் கால்நடை வைத்தியரின் ஆலோசனையும், முகமூடி, கையுறை, கண்காப்பு என்பனவும் வேண்டும்.

மற்றையது பழங்களைப் பற்றியது. முற்றிய வாழைக்காய் எதிலீன் என்னும் வாயுவைத் தானே வெளிவிட்டு, அதனாலேயே பழுக்கின்றது. ஒரு காய் பழுத்தால் அயலிலுள்ளவையும் பழுப்பது இதனாலேயே. பரமங்கனேற்றில் ஊறிய நுண்டுளைத் துணிக்கைகளைச் சிறு பொதிகளாகக் கட்டிப் பெட்டியினுள் வைத்தால், எதிலீன் ஒட்சியேறி அழிந்து, காய் பழுப்பது பிந்தும். தூரத்துச் சந்தைக்கு அனுப்புவோருக்கு அச்சில நாள்களே இலாபமாகும். பொதியின் ஊதா கபிலமானால் அதன் வேலை முடிந்தது. பொதி பழத்தோடு ஒட்டாது காகிதத்தால் மறைக்கப்படல் வேண்டும். பளிங்குகளை நேரே பெட்டியினுள் தூவுவது ஒருபோதும் ஆகாது.

பரமங்கனேற்றைக் கிளிசரினுடன் சேர்த்தால் சிறிது நேரத்திலே தானாகவே தீப்பற்றும். கந்தகம், கரித்தூள், சீனி, மரத்தூள் என்பவற்றோடு கலப்பதும் ஆபத்து. அமிலத்தோடு சேர்ந்தாற் குளோரீன் எழவோ வெடிக்கவோ கூடும். பசளை அறையிலே கந்தகப் பையின் பக்கத்தில் இப்போத்தலை வைத்திருப்பவர்கள் அதனை இன்றே வேறிடத்துக்கு மாற்றவேண்டும்.

பயிரும் மங்கனீசும்

வெளிறிய ரோசா நிறமான மங்கனீசுச் சல்பேற்றே பயிர்களுக்கும் கால்நடைகளுக்கும் மங்கனீசை ஊட்டும் முதன்மைச் சேர்வை. தாவரத்துக்கு மங்கனீசு இன்றியமையாதது என்பதை 1922 இல் மக்காகு என்னும் அமெரிக்கர் நிறுவினார். அவுத்திரேலியாவிலே ஓற்றுப் பயிரை வருத்திய ‘சாம்பற்புள்ளி’ என்னும் நோய் கிருமியாலன்று, மங்கனீசுக் குறையாலேயே வருகின்றதென்பது அப்பத்தாண்டின் இறுதியிலே தெளிவாயிற்று. பச்சையிலையிலே ஞாயிற்றின் ஒளியாற்றலைக் கொண்டு நீர் பிளக்கப்படும் இடத்தில், நான்கு மங்கனீசு அணுக்களும் ஒரு கல்சியம் அணுவும் சேர்ந்த தொகுதியொன்று தொழிற்படுகின்றது. மனிதரும் விலங்கும் மூச்சில் இழுக்கும் ஒட்சிசன் அங்கிருந்தே வருவது.

மண்ணிலே மங்கனீசு பெரும்பாலும் உண்டு. வேருக்கு எட்டும் நிலையில் உண்டா என்பதே வினா. அமில மண்ணில் அது கரைந்து நிற்கும். மண்ணின் பீ.எச். பெறுமானம் ஆறரையைத் தாண்ட, கரையாத ஒட்சைட்டாக இறுகும். தேயிலைச் செடி அமில மண்ணை விரும்புவதாகையால் மங்கனீசைத் தாராளமாக உண்டு இலையிலே சேர்த்துவைக்கின்றது. உலர்ந்த தேயிலை ஒரு கிலோகிராமிற் பல நூறு மில்லிகிராம், சிலவிடத்து ஆயிரத்துக்கு மேலும் காணப்படும். மாறாக, யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலச் சுண்ணக்கல்லின்மேற் கிடக்கும் மண்ணிலும், சுண்ணாம்பு கரைந்த கிணற்றுநீர் நெடுங்காலம் பாய்ச்சப்பட்ட தோட்டங்களிலும் அது பயிருக்குக் கிட்டாது போகக்கூடும். மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் மண்ணைச் சோதியாமல் ஆண்டுதோறும் சுண்ணாம்பை வாரி இறைப்பவர்களும் இக்குறையைத் தாமே வருவித்துக்கொள்ளுவர். மிகையான அமில மண்ணிலோ நேர்மாறாக மங்கனீசு மிகுந்து, போஞ்சி போன்ற பயிர்களின் இலை சுருங்கிக் கபிலப்புள்ளி கொள்ளும். அங்கே அளவான சுண்ணாம்பே மருந்து.

நெல்லுக்கு இக்குறை அரிது. வயலில் நீர் நின்றவுடன் மண்ணிலே ஒட்சிசன் அற்றுப்போக, கரிய ஒட்சைட்டு கரையும் வடிவம் பெறுகின்றது. ஆனால் அதே செயல் பின்பயிருக்குக் கேடாவதும் உண்டு. பஞ்சாபின் மணற்பாங்கான நிலங்களிலே நெல்லும் கோதுமையும் மாறிமாறிச் செய்யப்பட்டபோது, நெற்பருவத்து நீரோடு கரைந்த மங்கனீசு கீழிறங்கிவிட, 1980 ஆம் ஆண்டளவில் அடுத்துவந்த கோதுமையிற் குறைநோய் தோன்றியது. மணல் மண்ணில் நெல்லுக்குப் பின் மேட்டுப்பயிர் வைப்பவர்கள் இதனை மனத்திற் கொள்ளத் தக்கது.

அங்கே பரிந்துரைக்கப்பட்ட பரிகாரம் இலைவழி ஊட்டலாகும். காரமண்ணில் இட்ட சல்பேற்று விரைவில் மீண்டும் கரையாத ஒட்சைட்டாகிவிடுமாதலால், நூறு இலீற்றர் நீருக்கு அரைக் கிலோகிராம் வீதம் கரைத்து, வெயிலுள்ள நாள்களில், ஏறத்தாழக் கிழமைக்கு ஒருமுறையாக மூன்று தடவை கோதுமை இலைமேற் தெளிப்பர். சில பயிர்களில் இலை எரியாதிருத்தற்காகச் சல்பேற்றின் அரைப்பங்கு நீற்றிய சுண்ணாம்பையும் சேர்ப்பதுண்டு. புதிய பயிரொன்றில் முதலிற் சில செடிகளுக்கு மாத்திரம் தெளித்து மூன்று நாள் பார்த்தல் வேண்டும். இளம் இலை வெளிறுவது இரும்புக் குறையாகவும் இருக்கலாம். அதில் நரம்பு மாத்திரம் மெல்லிய கோடாகப் பச்சையாயிருக்கும், எஞ்சிய பகுதி வெண்மையை நோக்கி வெளிறும். ஐயுறவு உண்டாயின் மண்மாதிரியையும் இலைமாதிரியையும் கமநல சேவைகள் நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிய பின்னரே பொருளை வாங்கவேண்டும்.

கோழிக்குஞ்சின் கணுக்கால் வீங்கி, நரம்புநாண் வழுகி, கால் புறத்தே திரும்பி முடமாகும் நோயும் மங்கனீசுக் குறையினால் வருவதே. கோணெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இதனை 1936 இல் வெளியிட்டனர். சோளம் மிகுந்த உணவில் மங்கனீசு குறைவு. அரிசித் தவிட்டில் மிகுதி. வளருங் குஞ்சுக்கு உணவின் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் வேண்டும். ஆலையிற் கலந்துவரும் உணவிலே இது சேர்க்கப்பட்டே இருக்கும். வீட்டிற் கலப்பவர்களே இதனை மறப்பர். வழுகிய நாண் பின்னர் ஊட்டுவதால் மீளாது.

மங்கனீசு கொண்ட பங்கசுநாசினிகளுள் மனெப்பு 1950 களிலும் மங்கோசெப்பு 1960 களிலும் வழக்கத்துக்கு வந்து, உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றின் வெளிறல் நோயை அடக்கப் பெரிதும் உதவின. இவற்றைத் தொடர்ந்து தெளித்த தோட்டத்தில் மங்கனீசுக் குறையும் அறியாமலே நீங்குவதுண்டு. ஆயினும் இவை சிதையும்போது தோன்றும் எதிலீன்தயோயூரியா என்னும் பொருள் தைரொயிட்டுச் சுரப்பிக்குக் கேடானது. ஐரோப்பிய ஒன்றியம் மங்கோசெப்பின் அனுமதியை 2020 திசெம்பரிலே புதுப்பிக்க மறுத்தது. வாங்குமுன் பீடைநாசினிப் பதிவாளரின் அனுமதி அப்பொருளுக்கும் அப்பயிருக்கும் உண்டா எனக் கேட்டறிதல் வேண்டும். சிட்டையில் எழுதிய நாள்கள் கழியுமுன் அறுவடை செய்தல் கூடாது.

கருந்தூளின் தீங்கு

1837 இல் கிளாசுக்கோ நகரத்து மருத்துவர் கூப்பர், வெளிற்றுந்தூள் ஆலையிலே மங்கனீசுக் கல்லை அரைத்த தொழிலாளர் சிலரைக் கண்டார். அவர்களுடைய கால்கள் தளர்ந்திருந்தன, நடக்கையில் முன்னோக்கிச் சாய்ந்தனர், முகம் உணர்ச்சியற்றிருந்தது, பேச்சுத் தாழ்ந்திருந்தது. தூளை ஆண்டுக்கணக்காகச் சுவாசித்தமையே காரணம். உணவோடு வரும் மிகையான மங்கனீசை ஈரல் வெளியேற்றிவிடும். சுவாசத்தோடு வருவதோ மூளையிற் சென்று தங்கும். சுரங்கத்தாருக்கும், தாதை அரைப்போருக்கும், காற்றோட்டமில்லாத கொட்டிலுள் உருக்கை ஒட்டுவேலை செய்வோருக்கும் இவ்வாபத்து இன்றும் உண்டு. கமத்திலே கலப்பையையும் உழவியந்திரத்தையும் தாமே ஒட்டுபவர்கள் வெளியிலே, காற்றுக்கு முதுகுகாட்டாமற் பக்கவாட்டில் நின்று, புகை முகத்தில் ஏறாதவாறு அவ்வேலையைச் செய்யவேண்டும்.

மங்கனீசு பயிருக்கு நல்லதென்று கேள்வியுற்ற சிலர், பழுதடைந்த பற்றரியை உடைத்து அக்கருந்தூளைப் பூஞ்சாடியிலும் பாத்தியிலும் கொட்டலாம் என எண்ணக்கூடும். அது ஆகாது. பயன்பட்ட பற்றரியின் தூள் நீரில் எளிதிற் கரையாத ஒட்சைட்டாகையால் வேருக்கு உதவாது. அதனோடு கலந்துள்ள நாகச் சேர்வையும் நவச்சாரமும் செறிந்து விழுந்த இடத்திலே நாற்றுக் கருகும். பழைய பற்றரிகள் சிலவற்றிற் பாதரசமும் உண்டு. தகரத்தைச் சுத்தியலால் அடிக்கும்போது பறக்கும் தூள் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் மூச்சிலே புகும். தீர்ந்த பற்றரிகளை உடையாமலும் எரியாமலும் மூடியுள்ள தகரமொன்றிற் சேர்த்து வைத்து, கிணற்றுக்கும் அடுப்புக்கும் அப்பால், பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைத்திருந்து, உள்ளூராட்சி மன்றத்தினர் சேகரிக்கும்போது ஒப்படைக்கலாம்.